மகள் கோல்டன் ரெட்ரீவர் கேட்கிறாள்: குட்டியை எங்கே எடுப்பது?

கெலுகோர்வாசி

வணக்கம் நண்பர்களே. பினாங்கு கெலுகோரில் டெரஸ் வீடு. நான், மனைவி, 11 வயது மகள், மாமியார். மகளுக்கு நாய் வேண்டுமாம், அதிலும் கோல்டன் ரெட்ரீவர்தான் வேண்டுமாம். யூடியூப் செய்த வேலை.

விசாரித்ததில் மூன்று வழி தெரிகிறது. பெருநிலத்தில் ஒரு செல்லப்பிராணிக் கடை இருக்கிறது. குட்டி 2,800 வெள்ளி (ரிங்கிட்), எம்.கே.ஏ. (மலேசியக் கென்னல் சங்கம்) சர்ட்டோடு என்றால் 4,500. இரண்டு விலைக் குட்டிகளும் ஒரே கூண்டில்தான் படுத்திருந்தன. எது எது என்று சொல்லக் கடைப் பையனே கொஞ்சம் தடுமாறினார். அடுத்து, ஆபீஸ் நண்பரின் சொந்தக்காரர் வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது, 1,200 வெள்ளி. மூன்றாவது ஜெலுத்தோங்கில் இருக்கும் எஸ்.பி.சி.ஏ. விலங்குக் காப்பகம். இது மனைவியின் யோசனை.

இதற்குள் மைத்துனி குடும்ப வாட்ஸப்பில் "உயிரைக் காசு கொடுத்து வாங்குவதே பாவம்" என்று போட்டுவிட்டார். கோழி வாங்கும்போது மட்டும் பேரம் பேசுவார், அது வேறு கதை. எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும்: நாயை வாங்குவது தப்பா? தப்பில்லை என்றால் யாரிடம் வாங்கலாம்?

தேத்தாரிக்

எதற்கு வாங்க வேண்டும்? எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வந்து பாருங்கள், கடைவீதிக்குப் பின்னால் குட்டிகள் சும்மாவே கிடைக்கும். கம்பத்து நாய்க்கு, அதாவது நாட்டு நாய்க்கு, நோய் நொடி வராது, சோறு போட்டால் போதும். 4,500 வெள்ளிக்கு நான் மோட்டார் ரிப்பேர் பண்ணிக்கொள்வேன் லா.

ஊசி_போடுபவன்

நான் கோலாலம்பூரில் ஒரு கால்நடை கிளினிக்கில் உதவியாளர். கம்பத்து நாய்க்கு நோய் வராது என்பது பொய், தேத்தாரிக் அண்ணே. பார்வோ என்ற குடல் வைரஸ் பெடிகிரி பார்த்து வருவதில்லை. உங்கள் கடைவீதிக் குட்டிகளுக்கும் ஊசி போட வேண்டும்.

கெலுகோர்வாசி சார், கடை விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் வரும் பார்வோ கேஸ்களில் பாதிக் கதை ஒரே மாதிரி இருக்கும். குட்டி கடையில் துள்ளி விளையாடியிருக்கும். வீட்டுக்கு வந்து நாலைந்து நாளில் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அன்று ராத்திரி வாந்தி. விடிந்தால் ரத்தமாகக் கழிச்சல். அந்த நாற்றத்தை ஒரு தடவை பிடித்தவர்கள் மறக்க மாட்டார்கள், ரிசெப்ஷனில் இருந்தபடியே நாங்கள் சொல்லிவிடுவோம். வைரஸ் உடம்பில் புகுந்து அறிகுறி காட்ட ஏறக்குறைய 3 முதல் 7 நாள் ஆகும். அதாவது குட்டி கடையிலேயே அதைப் பிடித்திருக்கிறது. கடைக்காரரைக் கூப்பிட்டால் "கொண்டு வாங்க, வேற குட்டி மாத்தித் தரேன்" என்பார். அதே கூண்டிலிருந்துதான். பார்வோ கிருமி ஒரு இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், குளோராக்ஸ் மாதிரி பிளீச் போட்டுத் தேய்த்தால்தான் போகும்.

தடுப்பூசி அட்டையையும் பாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், மருத்துவர் கையெழுத்து இருக்காது, கிளினிக் முத்திரை இருக்காது. குட்டி ஊசிகள் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் வரை போகும். ஏழு வாரக் குட்டிக்கு "மூணு ஊசியும் முடிஞ்சிருச்சு" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே திரும்பி நடங்கள்.

பத்துமலை_அக்கா

தம்பி, மைத்துனி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் தள்ளியும் விடாதீர்கள். நான் கோலாலம்பூரில் ஒரு சின்ன மீட்புக் குழுவில் இருக்கிறேன். பெயர் வேண்டாம், விளம்பரம் ஆகிவிடும்.

கடையில் நீங்கள் பார்ப்பது குட்டியை மட்டும்தான். தாயை யாரும் காட்ட மாட்டார்கள். குட்டி போட்டுப் போட்டு ஓய்ந்த ஒரு பூடில் எங்களிடம் வந்தது. ஒருவர் தொழிலை மூடும்போது "யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டுப் போனது. அதற்குப் படி ஏறத் தெரியாது. முதல் படியில் முன்னங்காலை வைத்துவிட்டு அப்படியே நிற்கும், அடுத்து என்ன செய்வது என்று புரியாமல். கம்பித் தரையிலேயே நின்று பாதம் அகன்று விரல்கள் விரிந்திருந்தன. பல் பாதி இல்லை. பேப்பர் விரித்தால்தான் சிறுநீர் போகும், அதனால் வீட்டில் யாரும் தரையில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகை படிக்க முடியாது, ஓடி வந்து வேலையை முடித்துவிடும்.

கடைக் குட்டிக்குப் பின்னால் இப்படி ஒரு தாய் இருக்கிறது. 2,800 கொடுக்கும்போது அவளுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள், அவள் இன்னொரு ஈற்றுப் போடுவதற்கு.

லேப்_காரன்

வாங்குவது பாவம் என்று ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வரும், மன்னிக்கவும். ரவாங் பக்கம் லாப்ரடோர் வளர்க்கிறேன். எம்.கே.ஏ. உறுப்பினர். என்னையும் கம்பிக்கூண்டு ஆட்களையும் ஒரே வாயால் பேசுகிறார்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன், பிறகு திட்டுங்கள். பெண் நாய்க்கு இரண்டு வயது முடிந்துதான் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே. எக்ஸ்ரே பார்த்து மூட்டுக்குத் தரம் சொல்லும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு 24 மாதம் ஆகாமல் இறுதித் தரம் கொடுக்காது, நானும் அதே கணக்கு. கண்ணுக்கு டி.என்.ஏ. சோதனை, கடும் ஓட்டத்தில் பின்னங்கால் துவண்டு விழும் ஈ.ஐ.சி. என்ற மரபுக் கோளாறுக்கு இன்னொரு சோதனை. இதெல்லாம் தேறினால்தான் சேர்க்கை. கர்ப்பம் ஏறக்குறைய 63 நாள். கடைசி வாரத்தில் நான் வேறு ஊர் போக மாட்டேன். குட்டி பிறந்த பிறகு தினமும் எடை, சமையலறைத் தராசில், மனைவி திட்டிக்கொண்டே கொடுப்பார். ஒரு குட்டி இரண்டு நாள் எடை ஏறவில்லை என்றால் ராத்திரி முழுக்க புட்டிப்பால். எட்டு வாரத்துக்கு முன் யாருக்கும் தருவதில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்கும், வளர்க்க முடியாமல் போனால் நாய் என்னிடம்தான் திரும்பி வர வேண்டும். ஒன்பது வயது நாய் ஒன்று திரும்பி வந்திருக்கிறது. இப்போது என் காலடியில் குறட்டை விடுகிறது.

சர்ட் பற்றி ஒரு வார்த்தை. எம்.கே.ஏ. சர்ட் என்பது பிறப்புப் பத்திரம் மாதிரி. அப்பா அம்மா தாத்தா பாட்டி யார் என்று சொல்லும். நாய் ஆரோக்கியமானது என்று அது எங்கும் சொல்லவில்லை. கடையில் சர்ட்டுக்கு 1,700 வெள்ளி கூடுதலாகக் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். எக்ஸ்ரே ரிப்போர்ட் எங்கே என்றும் கேளுங்கள்.

செந்தூல்_மச்சான்

எல்லாரும் கோல்டன், லேப் என்று பேசுகிறீர்கள். நம்ம ராஜபாளையம் எடுக்கலாமே! தமிழன் வீட்டில் தமிழ்நாட்டு நாய். 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே போட்டது.

ஊசி_போடுபவன்

மச்சான், தபால்தலை போட்டது சரி. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்று அந்த அழகுக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்ததில், காது கேளாமை அந்த இனத்தில் தெரிந்த பிரச்சினை. இந்தியாவிலிருந்து கொண்டுவர இறக்குமதி பெர்மிட், ரேபீஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி, தனிமைப்படுத்தல் எல்லாம் வேண்டும். அப்புறம் அது வேட்டை நாய். செந்தூல் பிளாட்டில் அது என்ன வேட்டையாடும், உங்கள் செருப்பையா?

பத்துமலை_அக்கா

பெருமைக்காக நாய் எடுப்பதில் தமிழ் நாய், வெள்ளைக்கார நாய் என்ற வித்தியாசமே இல்லை. ராஜபாளையத்துக்கு மவுசு வந்தால் அதற்கும் கம்பிக்கூண்டு வரும்.

செந்தூல்_மச்சான்

சரி சரி, அடிக்காதீர்கள். மலேசியாவுக்கே சொந்தமான நாய் இனம் ஒன்று உண்டு, தெரியுமா? தெலோமியன். பகாங் தெலோம் ஆற்றுப் பக்கம் ஓராங் அஸ்லி பழங்குடி மக்களோடு வாழ்ந்தது. ஏணிப்படி ஏறிக் குடிசைக்குள் போகுமாம். 1963-இல் ஆர்வில் எலியட் என்ற ஆய்வாளர் சிலவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அதை யாராவது ஒழுங்காக வளர்த்திருந்தால் இன்று நாம் எல்லாரும் பனிநாட்டு ஹஸ்கிக்கு ஏர்கோன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

கணக்கன்

லேப்_காரன் அண்ணே, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்களைப் போல எத்தனை பேர்? நான் பார்த்தவரை "பிரீடர்" என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இரண்டு நாயைச் சேர்த்து வைத்துவிட்டு ஃபேஸ்புக்கில் போடுபவர்கள்தான். ஃபேஸ்புக் விதிப்படி தனிநபர் விலங்கு விற்க இடமில்லை. அதனால் "தத்துக் கட்டணம் 1,800, பி.எம்." என்று எழுதுகிறார்கள். கெலுகோர்வாசி நண்பரின் 1,200 வெள்ளிக் குட்டியும் அந்த ரகமாக இருக்கலாம்.

இன்னொன்று. உங்கள் சோதனையெல்லாம் லாப்ரடோருக்குப் பொருந்தும். முகம் தட்டையான பக், ஃபிரெஞ்ச் புல்டாக் வளர்ப்பவரும் அன்பாகத்தான் வளர்க்கிறார். ஆனால் அந்த உடம்பே பிரச்சினை. அங்கே நல்ல பிரீடர் என்று ஒருவர் இருக்க முடியுமா?

ஊசி_போடுபவன்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

நாய் நம்மைப் போல வியர்ப்பதில்லை, பெரும்பாலும் மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். பக்கின் மூக்கைக் கிட்டத்தில் பாருங்கள். துளை இருக்க வேண்டிய இடத்தில் நகத்தால் கீறியது போல ஒரு கோடுதான் இருக்கும். தொண்டைக்குள் மென்னண்ணம் (மேல்வாயின் பின்பக்க மென்சதை) நீண்டு தொங்கும், மூச்சுப் போகிற வழியில். நம்ம ஊர் மத்தியான வெயிலில் பத்து நிமிடம் நடந்தால் நாக்கு நீலம் பாரிக்கும். உரிமையாளர்கள் "இவன் குறட்டை விடுவது எவ்வளவு கியூட்" என்று வீடியோ காட்டுவார்கள். அது மூச்சுக்குத் திணறும் சத்தம். எங்கள் டாக்டர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பார். இங்கிலிஷ் புல்டாக், ஃபிரெஞ்ச் புல்டாக் குட்டிகளில் பெரும்பாலானவை சிசேரியனில்தான் பிறக்கின்றன, தலை அவ்வளவு பெரிது, தாயின் இடுப்பு அவ்வளவு குறுகல்.

வெளிநாட்டில் இது கோர்ட்டு வரை போய்விட்டது. கவாலியர் கிங் சார்ல்ஸ் நாயை இப்போதுள்ள நிலையில் இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்று நார்வே உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. இதய வால்வு நோயும், மூளைக்கு இடம் போதாத மண்டையோடும் அந்த இனம் முழுக்கப் பரவிவிட்டதுதான் காரணம். இங்கிலிஷ் புல்டாக்கை மட்டும் 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விட்டுவிட்டது. நெதர்லாந்தில் 2019 முதல், மூக்கும் வாயும் நீண்டிருக்கும் முன்முகம் மண்டையின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீளம்கூட இல்லாத நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

என் கருத்து கேட்டால், நம் சீதோஷ்ணத்துக்கு முகம் தட்டையான நாயை யாரும் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஏற்கெனவே பிறந்தது காப்பகத்தில் இருந்தால் எடுத்துக் காப்பாற்றுங்கள்.

லேப்_காரன்

தட்டை முக விஷயத்தில் எனக்கும் ஊசித் தம்பிக்கும் சண்டை இல்லை. ஆனால் பிரீடிங் என்றாலே கேடு என்று முடிக்காதீர்கள், கேட்டைச் சரிசெய்வதும் அதேதான். டால்மேஷனைப் பாருங்கள். அந்த இனம் முழுவதிலும் யூரிக் ஆசிட் கோளாறு, அதனால் பல நாய்களுக்குச் சிறுநீர்ப்பையில் கல். 1973-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு பாய்ன்டர் நாயோடு ஒரே ஒரு முறை கலந்தார். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடே சேர்த்தார். புள்ளி அப்படியே இருக்கிறது, அந்த வம்சத்தில் கோளாறு போய்விட்டது. காப்பகத்தால் இதைச் செய்ய முடியுமா?

கணக்கன்

அண்ணே, அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்லுங்கள். அமெரிக்கக் கென்னல் கிளப் அந்த நாய்களை முழுதாக ஏற்றுக்கொண்டது 2011-இல். "ரத்தம் கலந்துவிட்டது" என்று 38 வருடம் இழுத்தடித்தார்கள். கல் அடைத்துக் கதறிய நாய்களை விட, வம்சாவளிப் பத்திரம்தான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. ஜாதகம் பார்த்துக் கல்யாணம் செய்யும் நமக்கு இது புதிதில்லை.

மட்டுறுத்துநர்

இடையில் ஒரு பதிவு நீக்கப்பட்டது. இங்கே குட்டி விற்பனை விளம்பரம், தொலைபேசி எண் வேண்டாம். விவாதம் தொடரட்டும்.

பட்டர்வொர்த்_பாலம்

வடக்கில் இருக்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மலிவான "இறக்குமதி" குட்டி என்று யாராவது காட்டினால், எல்லை தாண்டி வந்ததா என்று கேளுங்கள். தாய்லாந்திலிருந்து வேன் சீட்டுக்கடியில் பெட்டியில் வரும் குட்டிகளை எல்லை அதிகாரிகள் பிடிக்கும் செய்தி அடிக்கடி வருகிறது. 2015-இல் பினாங்கு, கெடா, பெர்லிஸில் ரேபீஸ் வந்தபோது என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? பினாங்கில் தெரு நாய்களைக் கொல்ல உத்தரவு போட்டார்கள், பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2017-இல் சரவாக்கில் தொடங்கியதில் மனித உயிர்களே போயின. கடத்தல் குட்டியை வாங்கும் ஒருவரால், எங்கோ வாலாட்டிக்கொண்டு படுத்திருந்த நூறு தெரு நாய்க்கு ஆபத்து.

இன்னொரு விஷயம், டெபாசிட் மோசடி. படம் அனுப்புவார்கள், 500 வெள்ளி டெபாசிட் கேட்பார்கள், பிறகு "விமான நிலையத்தில் கூண்டுக் கட்டணம்" என்பார்கள். குட்டியே இருக்காது. நேரில் பார்க்காமல் ஒரு காசு அனுப்பாதீர்கள்.

மழைத்துளி

நான் வேறு மாதிரி சொல்லப்போகிறேன், திட்டுவீர்கள். எங்கள் வீட்டு நாய் கடையில் வாங்கியதுதான். ஷா ஆலாம் பக்கம் ஒரு கடை, கடைசிக் கூண்டு. மற்றவை எல்லாம் விற்றுப்போய் இது மட்டும் ஐந்து மாதம் ஆகியும் நிற்கிறது. கூண்டுக்கு மேல் வளர்ந்துவிட்டது, தலையைக் குனிந்துதான் நிற்க முடிந்தது. விலையைப் பாதியாக அடித்திருந்தார்கள். விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்று எல்லாரும் எனக்குப் பாடம் எடுத்துவிட்டார்கள். இப்போதும் அதைப் பார்த்தால் அந்தப் பாடம் எனக்கு ஏறவில்லை.

கணக்கன்

திட்டவில்லை, சகோதரி. ஆனால் நீங்கள் பணம் கொடுத்த அன்றே அந்தக் கூண்டு காலியாகிவிட்டது, அடுத்த வாரமே இன்னொன்று வந்திருக்கும். உங்கள் கருணை அந்த ஒரு நாய்க்கு, உங்கள் பணம் அடுத்த நாய்க்கு. கடைக்காரருக்கு உங்கள் கண்ணீர் தெரியாது, கல்லாதான் தெரியும்.

மழைத்துளி

கணக்கு சரிதான். அந்த நாய்க்கு அந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

பத்துமலை_அக்கா

இந்த இடத்தில் நான் இரண்டு பக்கமும் நிற்பேன். இப்படி வாங்கி வருகிறவர்களை நான் குற்றம் சொல்வதே இல்லை. ஆனால் அந்தக் கூண்டைப் படம் பிடித்துக் கால்நடை சேவைத் துறைக்குப் புகார் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. 2015 விலங்கு நலச் சட்டப்படி செல்லப்பிராணிக் கடைக்கும் நாய் வளர்த்து விற்கிறவருக்கும் உரிமம் வேண்டும். கொடுமை நிரூபணமானால் அபராதம் 20,000 வெள்ளியில் தொடங்கி 100,000 வரை, அல்லது மூன்று வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். யாரும் புகார் கொடுக்காவிட்டால் அந்தச் சட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

என் பக்கத்து ஆட்களையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் நேர்மையில்லை. காப்பகம் என்று போர்டு மாட்டிய எல்லா இடமும் காப்பகம் இல்லை. நாற்பது நாய்க்கு இடமுள்ள வீட்டில் நூற்றைம்பது நாய், ஒரே ஒரு வேலையாள், சண்டையில் கிழிந்த காதுகள். படம் போட்டுப் பணம் திரட்டுவார்கள், தத்துக் கேட்டால் கொடுக்க மனசு வராது. கடித்த நாயைக் கடித்தது என்று சொல்லாமல் கொடுப்பவர்களும் உண்டு. அது குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? போகும்போது கேளுங்கள்: கருத்தடை ஆயிற்றா, ஊசி ஆயிற்றா, இது யாரையாவது கடித்திருக்கிறதா, சாப்பிடும்போது கிட்டே போகலாமா, ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? நேரடியாகப் பதில் சொல்லாதவரிடம் எடுக்காதீர்கள்.

லேப்_காரன்

அக்கா சொன்ன கடைசிக் கேள்விதான் நானும் கேட்கச் சொல்வது. ஆனால் கருத்தடையில் எனக்கும் உங்களுக்கும் ஒத்துவராது. மூன்று மாதக் குட்டிக்கே செய்து அனுப்புகிறீர்கள். 2013-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் கோல்டன் நாய்களை ஆராய்ந்து, ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்தவற்றில் மூட்டுக் கோளாறு அதிகம் என்று காட்டியது. பெரிய நாய்க்கு எலும்பு வளர்ந்து முடிய விட வேண்டும்.

பத்துமலை_அக்கா

படித்திருக்கிறேன் தம்பி. நீங்கள் உங்கள் ஆட்களை ஒவ்வொருவராகத் தெரிந்து கொடுக்கிறீர்கள். நான் முழுதாகத் தெரியாதவர்களுக்குக் கொடுக்கிறேன். "பெரிதானதும் செய்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டவர்கள் அடுத்த வருடம் குட்டிகளோடு வந்து நிற்பார்கள், "அக்கா, தெரியாமல் ஆயிருச்சு" என்று. ஒரு நாயின் மூட்டையும், பிறக்கப்போகும் எட்டுக் குட்டிகளையும் வைத்துப் பார்த்தால் நான் மூட்டைத்தான் விடுவேன். சந்தோஷமாக விடவில்லை.

கெலுகோர்வாசி

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. 1,200 வெள்ளி வீட்டுக்குப் போய் வந்தேன். தாயைக் காட்டினார்கள், நன்றாகத்தான் இருந்தது. அப்பா யார் என்று கேட்டால் அதே தாயின் போன ஈற்றுப் பிள்ளையாம்! "வீட்டுக்குள்ளேயே இருந்ததால் ஆயிருச்சு" என்றார்கள். எக்ஸ்ரே என்றதும் "நல்லாத்தானே நடக்குது" என்றார்கள். வந்துவிட்டேன்.

லேப்_காரன் சார், உங்களிடமே வாங்கலாமா? எங்கள் வீட்டு விவரம்: நானும் மனைவியும் காலை ஏழரைக்குக் கிளம்பினால் மாலை ஆறரை. மகள் பள்ளி முடிந்து டியூஷன். மாமியார் வீட்டில் இருப்பார், முழங்கால் வலி, நாயோடு ஓட முடியாது. சாமி அறைப் பக்கம் வரக் கூடாது என்பது அவர் நிபந்தனை. பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம், பத்து வருடப் பழக்கம், அவர்களுக்குத் தொந்தரவு வரக் கூடாது.

லேப்_காரன்

தப்பாக நினைக்காதீர்கள் சார், உங்களுக்கு நான் குட்டி தர மாட்டேன்.

எட்டு வாரக் குட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே போக வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று நாலு வேளை சாப்பாடு. லேப்போ கோல்டனோ, குட்டியாக 11 மணி நேரம் கூட ஓடியாட ஆளில்லாமல் விட்டால் சோபாவைத் தின்னும், அல்லது நாள் முழுக்கக் குரைக்கும். உங்கள் பத்து வருடப் பழக்கம் பத்து நாளில் போய்விடும். ஆறு மாதத்தில் 25 கிலோ இளம் நாய் மாமியாரின் முழங்காலில் வந்து மோதும். அப்புறம் அது வாசலில் சங்கிலியில் கிடக்கும். நம் ஆட்கள் வீடுகளில் எத்தனை பார்த்திருக்கிறேன், கேட்டோடு கட்டி, "காவலுக்கு" என்று சொல்லி, அதன் உலகமே ஆறு அடி.

தேத்தாரிக்

எங்கள் பக்கத்திலும் அப்படித்தான் கட்டுவார்கள். கட்டாவிட்டால் கவுன்சில்காரன் பிடித்துக்கொண்டு போவான் அண்ணே.

லேப்_காரன்

கேட்டை மூடினால் ஏன் பிடிக்கப் போகிறான்?

பத்துமலை_அக்கா

நான் எழுத வந்ததை லேப்_காரன் தம்பி எழுதிவிட்டார். நானும் உங்களுக்குக் குட்டி தர மாட்டேன், கெலுகோர்வாசி தம்பி.

ஆனால் வளர்ந்த நாய் தருவேன். மூன்று நாலு வயது, கருத்தடை ஆனது, ஒரு வீட்டில் வைத்துப் பார்க்கப்பட்டது. அதன் சுபாவம் ஏற்கெனவே தெரியும், குட்டி மாதிரிச் சீட்டு எடுப்பது இல்லை. பகலில் தூங்கும், சாயங்காலம் ஒரு நடை போதும். பினாங்கிலேயே பாயான் லெப்பாஸில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஃபோஸ்டர் பார்க்கிறார், அதாவது வீடு கிடைக்கும் வரை வைத்து வளர்க்கிறார். கலப்பினப் பெண் நாய், பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். அந்த வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார், அவர் வாக்கருக்கு முன்னால் போகாமல் பக்கத்தில் நடக்கப் பழகியிருக்கிறது. குறையையும் சொல்லிவிடுகிறேன்: இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடும், தீபாவளி, சீனப் பெருநாள் சமயத்தில் யாராவது கூடவே இருக்க வேண்டும். பூனையைக் கண்டால் துரத்தும். கடித்ததில்லை.

மகள் கோல்டன்தான் வேண்டும் என்றால் சொல்லுங்கள், வளர்ந்த கோல்டனும் கைவிடப்பட்டு வரும், காத்திருக்க வேண்டும். ஜெலுத்தோங் எஸ்.பி.சி.ஏ.க்கும் போய்ப் பாருங்கள். ஒரே இடத்தில் முடிவு செய்ய வேண்டாம்.

கெலுகோர்வாசி

மகளுக்கு இதை முழுக்கப் படித்துக் காட்டினேன். பக் நாயின் மூக்குப் பகுதியில் அழுதுவிட்டாள், பிறகு கோல்டன் பேச்சை எடுக்கவில்லை. மடங்கிய காதின் படம் கேட்கிறாள். மாமியார் கேட்ட ஒரே கேள்வி, "அது சோறு திங்குமா, கடைத் தீனிதான் வேண்டுமா?"

சனிக்கிழமை பாயான் லெப்பாஸ் போய்ப் பார்க்கலாமா அக்கா? லைசென்ஸ் எப்படி?

ஊசி_போடுபவன்

லைசென்ஸ் வருடா வருடம், உங்கள் மாநகர் மன்றத்தில். கட்டணம் பெரிதில்லை. ஐ.சி. (அடையாள அட்டை), நாயின் படம், தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். டெரஸ் வீட்டுக்கு எத்தனை நாய், பக்கத்து வீட்டாரின் சம்மதம் வேண்டுமா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும், கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டாலும் பக்கத்து வீட்டாரிடம் முன்னாடியே போய்ச் சொல்லிவிடுங்கள். அவர்கள் பக்கச் சுவரோரம் நாயைக் கட்டாதீர்கள், கழுவும் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடக் கூடாது.

சோறு தின்னும். வெங்காயம், பூண்டு, திராட்சை கூடாது என்று பாட்டியிடம் சொல்லுங்கள்.

பத்துமலை_அக்கா

சனிக்கிழமை வாருங்கள், குடும்பத்தோடு. மாமியாரையும் அழைத்து வாருங்கள், அவர் வராமல் முடிவு இல்லை. அன்றே கையில் தர மாட்டோம். பிறகு ஒரு நாள் ஃபோஸ்டர்காரர் உங்கள் வீட்டைப் பார்க்க வருவார். வெளி கேட்டுக்கும் தரைக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது?

கெலுகோர்வாசி

ஒரு சாண் இருக்கும் அக்கா. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கூட.

பத்துமலை_அக்கா

அது புகுந்து போய்விடும் தம்பி. கம்பி வைத்து அடைத்துவிட்டுப் படம் அனுப்புங்கள், அப்புறம் தேதி சொல்கிறேன்.